அலை உடையாத இடம்

கல்யாணமாகி ஏழாவது மாதம் நான் என் நாத்தனாரைக் கடலுக்குள் வைத்து உதைத்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் படுக்கையறை என் நாத்தனாருடையது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளுடைய துணிமணிகளை ஹாலில் டிவிக்குப் பக்கத்து அலமாரிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் என் மாமியாரோடு ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். பீரோ மட்டும் உள்ளேயே இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் கதவை இரண்டு விரலால் தட்டிவிட்டு, "அண்ணி, உள்ள வரலாமா?" என்று கேட்டு நிற்பாள். இருபத்து மூன்று வயதுப் பெண், தான் எட்டு வருஷம் படுத்துத் தூங்கிய அறை வாசலில். "வா வா, இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்பேன். மறுநாளும் கேட்பாள். வேண்டுமென்றே கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

என்னைவிட எட்டு மாதம் பெரியவள். ஆனாலும் அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எங்களுக்குள் சண்டை என்று ஒன்றுகூட நடந்ததில்லை. சண்டை நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்திருக்கிறேன். குளியலறை வாளி இடம் மாறியிருக்கும், சீரியல் பார்க்கும்போது சேனல் மாறும், குழம்பைத் தொடாமல் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்து போவாள். அவ்வளவுதான்.

என் கணவருக்கு இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை, புதன்கிழமை வார விடுமுறை. தீபாவளி முடிந்த மறுவாரம், மழை இரண்டு நாள் விட்டிருந்தபோது, "மூணு பேரும் ஒருநாள் பீச்சுக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த சமாதானம். நாத்தனார் உடனே லீவு சொன்னாள். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாமியாருக்கு இஷ்டமில்லை. சுனாமி வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் வீட்டில் மீனே வாங்கவில்லை. "மணல்ல உக்காந்து சாப்ட்டு வாங்க. யாரும் தண்ணில கால் வெக்கக் கூடாது" என்றார். மூன்று பேரும் தலையாட்டினோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி ஒரு துணிப்பையில் வைத்துக் கொடுத்தார்.

கேம்ப் ரோட்டில் பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கடற்கரைச் சாலைக்குப் போனோம். பங்களா மதில் ஒன்றுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் ஒரு சந்து. அதன் முடிவில் ஒரு மீனவர் குப்பமும் நீளமான மணலும். பெசன்ட் நகர் மாதிரிக் கூட்டம் இல்லை. இங்கே குளிப்பது ஆபத்து என்று எழுதிய போர்டு ஒன்று பாதி உரிந்து நின்றது. நாங்கள் அதைப் படித்தோம். படித்துவிட்டுத் தாண்டிப் போனோம்.

வானம் மூடியிருந்தது. கடல் பழுப்பு நிறத்தில், சத்தமாக இருந்தது. அலைகள் வரிசையாக வராமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. என் கணவர் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின் பக்கத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். செல்போன், பர்ஸ், செருப்புகள், சாப்பாட்டுப் பை எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரென்றால் வாளியில் இருப்பது மட்டும்தான் அவருக்குப் பழக்கம். "முட்டி வரைக்கும்தான்" என்றார் எங்களிடம்.

முட்டி வரைக்கும்தான் போனோம், முதல் கால் மணி நேரம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அலை வரும்போது எம்பிக் குதித்து, சுடிதார் நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ள. நாத்தனார் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு பெரிய அலை எங்கள் இருவரையும் உட்கார வைத்துவிட்டுப் போனபோது என் கையைப் பிடித்து எழுந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அவள் கேட்டாள். "அண்ணி, உங்களுக்கு நீச்சல் தெரியும்னு அண்ணன் பெருமையாச் சொன்னான். இவ்ளோதானா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று இன்று தோன்றுகிறது. அன்று அப்படிக் கேட்கவில்லை எனக்கு.

நான் பொழிச்சலூரில் வளர்ந்தவள். பம்மல் பக்கம் பாறையை வெட்டி வெட்டி ஆழமாகிப்போன கல்குட்டைகள் உண்டு. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக நிற்கும். என் இரண்டு அண்ணன்களும் அங்கே குதிப்பார்கள், அவர்களோடு நானும். வயதுக்கு வரும்வரை போனேன். அந்தக் குட்டைகளில் கால் ஊன்ற இடம் கிடையாது, சுற்றிலும் செங்குத்தான பாறைதான். அதனால் வேகமாக நீந்தத் தெரிகிறதோ இல்லையோ, களைத்தால் மல்லாந்து மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது எனக்கு நன்றாக வரும். ஆனால் அது அசையாத தண்ணீர். பத்து வருஷமாக அதையும் தொடவில்லை. கடலில் நான் நீந்தியதே இல்லை என்பதை அந்த நிமிஷம் அவளிடம் சொல்லியிருக்கலாம்.

சொல்லாமல், எங்கே இறங்கலாம் என்று பார்த்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் அலைகள் உடைந்து நுரைத்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு இடம் மட்டும், ஒரு தெரு அகலத்துக்கு, நுரை இல்லாமல் அமைதியாக இருந்தது. அலையே உடையவில்லை. கல்குட்டை மாதிரி இருந்தது. அதுதான் நல்ல இடம் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் நடந்து போய் இறங்கினேன். பத்துக் கை போட்டதுமே ரொம்பச் சுலபமாக இருந்தது. நான் நீந்துவதைவிட வேகமாகப் போகிறேன் என்று தோன்றியது. பழசு எதுவும் மறக்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கரை நான் நினைத்ததைவிடத் தள்ளியிருந்தது. நாத்தனார் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை உயர்த்தி, வா என்று கூப்பிட்டேன்.

அவளைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. சத்தமாகக் கூப்பிடவும் இல்லை. ஆனால் கூப்பிட்டேன். அவள் வரமாட்டாள், பயப்படுவாள், பயந்ததை நான் பார்த்துவிடுவேன் என்பதுதான் என் கணக்கு. அவள் வந்தாள். நெஞ்சளவு வந்தாள். கைகளை அகலமாக விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, இன்னும் ஒரு அடி வைத்தாள். அந்த அடியில் தரை இல்லை.

தலை உள்ளே போயிற்று. வெளியே வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் கத்தவேயில்லை. கண்கள் மட்டும் பெரிதாக, எதையும் பார்க்காமல் இருந்தன. கைகளால் தண்ணீரை மேலிருந்து கீழே அடித்தாள், ஏணியில் ஏறப் பார்க்கிற மாதிரி. மறுபடி உள்ளே போனாள்.

நான் அவளை நோக்கி நீந்தினேன். பாதி தூரம்கூட நீந்தவில்லை, தண்ணீரே அவளை என்னிடம் கொண்டுவந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த அமைதியான இடத்தில் தண்ணீர் முழுவதும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அலைகள் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வழி இதுதான். நாங்கள் அதன் நடுவில் இருந்தோம்.

அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. அவள் கை என் கழுத்தில் விழுந்தது.

அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் என் தலையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். நான் கீழே போனேன். அவள் முட்டி என் வயிற்றில் இருந்தது. என் சடையைப் பிடித்திருந்தாள். யாருடையதென்று தெரியாத ஒரு துப்பட்டா முகத்தைச் சுற்றியது. மேலே வந்து அரை மூச்சு இழுப்பதற்குள் மறுபடி அமுக்கினாள். "விடு, விடு, நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போயிற்று. மூன்றாவது தடவை கீழே போனபோது காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்டது. செத்துப்போகப் போகிறோம் என்று வார்த்தையாகவே தோன்றியது.

முட்டியை நெஞ்சுக்கு இழுத்து உதைத்தேன். கால் அவள் வயிற்றிலோ தொடையிலோ பட்டது. பிடி தளர்ந்தது. என் தலை வெளியே வந்தது. ஒரு முழு மூச்சு எடுத்தேன். அவள் கை மறுபடி என் தோளைத் தேடி வந்தது. பட்டது, ஆனால் பிடிக்கவில்லை. நான் மறுபடியும் உதைத்தேன். இந்தத் தடவை குதிகால் அவள் வாயில் பட்டது. பல் என் குதிகாலில் இடித்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு நான் நீந்திப் போனேன். அவளிடமிருந்து விலகி, கரையைப் பார்த்து. ஆறேழு கை போட்டிருப்பேன். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகவும் இல்லை. எவ்வளவு கை போட்டும் கரை அங்கேயே இருந்தது, படகுகள் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு அலை என்னைத் தூக்கியது. அந்த உயரத்திலிருந்து என் கணவரைப் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றிருந்தார். என் தலையைக் கண்டுபிடித்துவிட்டார் போல. கையிலிருந்த சாப்பாட்டுப் பையை உயரத் தூக்கிக் காட்டினார். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட வாருங்கள் என்று சைகை செய்தார்.

நான் திரும்பினேன்.

அவள் கொஞ்ச தூரத்தில் இருந்தாள். முகம் தண்ணீருக்குள், முதுகும் பிரிந்த தலைமுடியும் மட்டும் மேலே. பின்பக்கமாகப் போய் சுடிதாரின் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் திருப்பினேன். தாடையைத் தூக்கிப் பிடித்தேன். இருமினாள். வாயிலிருந்து தண்ணீரும் ரத்தமும் வந்தன. கைகள் மறுபடி துழாவ ஆரம்பித்தன. நான் அவள் காதில் சொன்னேன். "என்னைப் பிடிக்காத. பிடிச்சா விட்டுட்டுப் போயிடுவேன். மல்லாந்து படு. கையை நெஞ்சுல வை."

இப்படியொரு வார்த்தையை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும், ஒன்றின் மேல் ஒன்றாக.

அதற்குப் பிறகு நான் கரைக்கு நீந்த முயலவில்லை. முடியாது என்று தெரிந்துவிட்டது. கல்குட்டையில் களைத்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். நானும் மல்லாந்து, அவள் தலையை என் தோளில் ஏற்றி, காலை மட்டும் அசைத்துக்கொண்டு மிதந்தேன். தண்ணீர் எங்களை வெளியே கொண்டுபோயிற்று. கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் வெளியே இழுப்பது நின்று, தெற்கே நகர்ந்தோம். அலை வரும்போதெல்லாம் "மூச்சைப் பிடி" என்பேன், போனதும் "விடு" என்பேன். அவள் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சவுக்குத் தோப்பு முடிந்து, ஒரு மஞ்சள் பங்களா வந்து, அதுவும் போயிற்று. எனக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. இனிமேல் ஒரு பெரிய அலை வந்தால் அவளை விட்டுவிடுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரியவில்லை. அதுதான் அந்த நாளிலேயே மோசமான நேரம்.

கரையில் என் கணவர் எங்களுக்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு இடத்தில் கழுத்தளவு தண்ணீருக்குள் வந்துவிட்டார். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த மீனவர்கள்தான் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவர், நாற்பது வயது இருக்கும், மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு எங்களிடம் நீந்தி வந்தார்.

"கேனைப் புட்சிக்க. என்னைப் புட்சிக்காத" என்றார் நாத்தனாரிடம். பிறகு என்னைப் பார்த்து, "உனுக்கு நீச்சல் தெர்தா? இன்னும் கொஞ்சம் தெக்கால போவணும். அங்க அலை உடையுது பாரு, அதான் நம்பள தூக்கிப் போடும். அலை இல்லாத எடத்துல எறங்குனா இப்டித்தான் இஸ்துக்கினு போவும்."

அப்படியே நடந்தது. உடைகிற அலை ஒன்று எங்களை உருட்டி, மணலில் தேய்த்து, இன்னொன்று வந்து தள்ளி, கடைசியில் என் கை தரையில் ஊன்றியது. நான்கு காலில் ஊர்ந்துதான் வெளியே வந்தேன்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து, நாத்தனாரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் தட்டினார். தண்ணீர் வந்தது, வாந்தி வந்தது. தன் தோளிலிருந்த துண்டை அவள் மேல் போர்த்திவிட்டு எங்களைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். "போர்டு வெச்சிக்கீது, படிச்ச பசங்கதான நீங்க? எங்க வூட்டு ஆம்பளைங்களே இன்னிக்கு எறங்கல. போன மாசந்தான் ஒரு காலேஜ் புள்ளய இங்க தூக்கிப் போட்டோம். ஒங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" திட்டிக்கொண்டே எங்கள் முகத்தை முந்தானையால் துடைத்தார்.

என் கணவர் வந்து மணலில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தங்கையின் தலையைத் தொட்டார், என் தலையைத் தொட்டார். அவள் கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று மூலையில் உடைந்திருந்தது.

"வாய்ல என்ன?" என்றார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவள், "அலை அடிச்சுது. கீழ விழுந்துட்டேன்" என்றாள்.

கேன் கொண்டுவந்த மனிதர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என் கணவரிடம், "இந்தம்மாவுக்கு மட்டும் நீச்சல் தெர்லன்னா ரெண்டு பேரும் அம்பேல்தான் சார்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். ஈரத்துணி உடம்பிலேயே பாதி காய்ந்து, மணல் உறுத்தியது. மாமியார் கதவைத் திறந்ததும் மகளின் வாயைத்தான் பார்த்தார். "பஸ்ஸுல சடன் பிரேக் போட்டான்மா, முன் சீட்டுக் கம்பில இடிச்சுக்கிட்டேன்" என்றாள். அண்ணனிடம் அலை, அம்மாவிடம் கம்பி. இரண்டும் அவள் சொன்னது. ஈரத்துக்கு என்ன காரணம் சொன்னோம் என்று எனக்கு ஞாபகமில்லை, மழை என்றிருப்போம்.

அடுத்த ஐந்து நாட்களைப் போல நான் வேறு எந்த நாட்களையும் கழித்ததில்லை. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா. அலைதான் அடித்தது என்று உண்மையாகவே நம்புகிறாளா. கஞ்சி வைத்துக் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள். பீரோவுக்கு வரும்போது கதவைத் தட்டினாள். வீட்டில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது, மாமியாருக்குத்தான் எதுவுமே தெரியாதே. ஆனால் என் கணவர் மாறிவிட்டார். என் தட்டை அவர் கழுவினார். ஒருநாள் சமையலறையில் வந்து நின்று, "நீ இல்லன்னா அவ இல்ல" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். நான் குக்கரைத் திறந்தபடி அப்படியே நின்றேன்.

உடைந்த பல்லில் கூச்சம் அதிகமாகி அவளால் சாப்பிட முடியவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, படியிறங்க முடியாது. அதனால் பல் டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போக வேண்டியவள் நானானேன். வேளச்சேரி ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது அந்த கிளினிக். டாக்டர் எங்கள் வயதுப் பெண். நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் மேலே விளக்கைப் பார்த்தபடி, "கால் பட்டுடுச்சு டாக்டர். ஒருத்தரோட குதிகால்" என்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே நின்றோம். வேறு யாரும் இல்லை. ரோட்டில் தண்ணீர் ஏறி, போகிற லாரியெல்லாம் எங்கள் கால்வரை வாரி இறைத்தது. அவள் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும் அண்ணி. எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? அதே வீட்டுல அதே நாலு பேர்தான இருக்கப் போறோம்." பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "உங்களைப் பிடிச்சேனே, அப்ப நீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. ஏதோ ஒரு பொருள், மேல ஏறலாம், அவ்ளோதான். அதனால முதல் தடவ ஒதைச்சதுல எனக்கு ஒண்ணும் இல்ல. யாரா இருந்தாலும் ஒதைப்பாங்க. ரெண்டாவது தடவ நான் உங்களைப் பிடிக்கல அண்ணி. கை பட்டுது, அவ்ளோதான். அதத்தான் அஞ்சு நாளா நினைச்சுட்டிருக்கேன். அது பயத்துல ஒதைச்சீங்களா, கோபத்துலயா?"

பயத்தில் என்று உடனே சொல்லியிருக்கலாம். அவளும் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் கேட்ட விதத்தில் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியல" என்றேன். "பயம்தான்னு நினைக்கறேன். ஆனா தெரியல. நான்தான் உன்னை ஆழத்துக்குக் கூப்பிட்டேன். அது பயத்துல இல்ல."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?" என்றாள்.

"உங்க அண்ணன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டினார். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டார். நான் மட்டும் போய் அவர் முன்னாடி எப்படி நிக்கறதுன்னு..."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மரத்துப்போன வாயோடு சிரிக்க முடியாமல், உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாப்பாட்டுக்காகவா" என்றாள். "எலுமிச்சை சாதத்துக்காகவா அண்ணி". அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவள் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள், "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. என் வாய்லருந்து வந்தா வேற மாதிரி ஆயிடும்."

அன்று சாயங்காலமே சொன்னேன். மழை விட்டிருந்தது. மொட்டை மாடியில் கொடியைத் துடைத்துத் துணி காயப்போட அவரும் வந்திருந்தார். கூப்பிட்டதிலிருந்து, இரண்டு உதையும், நீந்திப் போனதும், எல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த சட்டையை உதறாமலே வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். ஹாலில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, "மெல்ல முடியுதா?" என்று கேட்டது படியில் நின்ற எனக்குக் கேட்டது.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

நான்காம் நாள் காலை. மாமியார் கீழே பால் வாங்கப் போயிருந்தார், முழங்கால் கொஞ்சம் தேவலையாகியிருந்தது. என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு ஹாலில் நின்றிருந்தார். நாத்தனார் வேலைக்குக் கிளம்பிக் கொண்டிருந்தவள், அலமாரிக் கண்ணாடியில் டாக்டர் ஒட்டிச் சரிசெய்த பல்லைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு அண்ணா இப்படி? ஒதை வாங்கினவ நான். நானே பேசிட்டிருக்கேன். உனக்கு என்ன?"

அவர் அவளைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குளிக்க வெந்நீர் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன்.